எந்தக் கேலிபர்: தற்காப்புக் கைத்துப்பாக்கிக்குத் தோட்டா தேர்ந்தெடுத்தல்

அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களில், வீட்டில் துப்பாக்கி வைத்துக்கொள்வதா வேண்டாமா என்ற கேள்விக்கு விடை காண்பதற்கே பல மாதங்கள் ஆகிவிடுகின்றன. வைத்துக்கொள்வது என்று முடிவான பிறகோ, எந்தக் கேலிபர் என்ற அடுத்த கேள்வியைக் கடைக்காரரின் ஐந்து நிமிடப் பேச்சுக்கு விட்டுவிடுகிறோம். டெக்சஸில் இரவு பதினொரு மணி வரை மளிகைக் கடை நடத்தும் என் அக்கா அப்படி விட்டுவிடாமல், சென்ற ஆண்டு என்னிடம் வந்து, “பெரிய குண்டா இருந்தாத்தானே தம்பி ஆளை நிறுத்தும்?” என்று கேட்டார். பதினைந்து ஆண்டுகளாகச் சுடுதளத்துக்குப் போய்வரும் என்னால் அந்தக் கேள்விக்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியவில்லை. அவருக்காக உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்தவற்றையே இங்கே எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பரவலாகப் பயன்படும் தற்காப்புத் தோட்டாக்களுக்கு இடையே, குண்டு பட்ட இடத்தில் தெரியும் வேறுபாடு சிறியது, சுடுகிறவரின் கையில் தெரியும் வேறுபாடு மிகப் பெரியது. ஆகவே தேர்வைக் கையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

கேலிபர் என்பது, தோட்டாவின் முனையிலிருந்து பறந்து செல்லும் குண்டின் விட்டத்தை ஒட்டி இடப்படும் எண். .45 என்றால் ஓர் அங்குலத்தில் நூற்றுக்கு நாற்பத்தைந்து பங்கு, அதாவது ஏறத்தாழ 11.5 மி.மீ. ஆனால் இந்த எண்களை அப்படியே நம்பிவிடக் கூடாது. .380 ஏசிபி, 9 மி.மீ. லூகர், .38 ஸ்பெஷல், .357 மேக்னம் என்று நான்கு பெயர்களில் விற்கப்படும் தோட்டாக்களிலும் உள்ள குண்டுகள் ஏறத்தாழ ஒரே தடிமன் கொண்டவை. நான்குமே 9 மி.மீ.யை ஒட்டியவை. .38 ஸ்பெஷலின் குண்டு உண்மையில் .357 அங்குலம்தான்; பெயரில் உள்ள 38 பழங்காலத்தில் தோட்டா உறையின் விட்டத்தை வைத்து வந்து ஒட்டிக்கொண்டது. இந்த நான்கையும் வேறுபடுத்துவது, வெடிமருந்து அடைத்த உறையின் நீளமும் அதற்குள் எழும் அழுத்தமும்தான். .380 உறையின் நீளம் 17 மி.மீ., 9 மி.மீ. லூகருக்கு 19 மி.மீ. இரண்டு மி.மீ. மட்டுமே கூடுதல் என்றாலும், அமெரிக்கத் தோட்டா உற்பத்தியாளர்கள் வகுத்துள்ள உச்ச அழுத்தம் .380-க்குச் சதுர அங்குலத்துக்கு 21,500 பவுண்டு, 9 மி.மீ.க்கு 35,000 பவுண்டு. விட்டத்தில் மிகப் பெரியதான .45 ஏசிபிக்கோ 21,000 பவுண்டு மட்டுமே. பெரிய எண் என்றால் பெரிய வேகம் என்று எண்ணிக்கொள்வோருக்கு இந்த ஒரு கணக்கே போதும்.

அடுத்து, “நிறுத்தும் ஆற்றல்” என்று கடைகளில் சொல்லப்படுவது என்ன என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். கைத்துப்பாக்கிக் குண்டு ஒருவரைத் தூக்கி எறிவதில்லை. குண்டுக்கு அவ்வளவு உந்தம் இருந்தால் சுட்டவரையும் அதே அளவு உந்தம் பின்னால் தள்ளியிருக்கும். தாக்க வருபவர் நிற்பது, பயத்தாலோ வலியாலோ மனம் மாறுவதாலும், இரத்தம் இழப்பதாலும், மிக அரிதாக நரம்பு மண்டலத்தின் மையம் தாக்கப்படுவதாலும் மட்டுமே. இவற்றுள் முதலாவது எந்தக் கேலிபருக்கும் பொது. துப்பாக்கியைக் கண்ட அளவிலேயே ஓடிவிடுபவரை நிறுத்தியது கேலிபர் அன்று. இரண்டாவதற்கு நேரம் ஆகும். இதயமே செயலிழந்தாலும் மூளையில் எஞ்சியுள்ள பிராணவாயு பத்து முதல் பதினைந்து வினாடிகள் வரை ஒருவரை இயங்க வைக்கும் என்று எஃப்.பி.ஐ. 1989-இல் வெளியிட்ட அறிக்கை எழுதியது. அதே அறிக்கை, கைத்துப்பாக்கியின் வேகத்தில் செல்லும் குண்டு திசுக்களை ஒரு நொடி விரித்துவிடுவதால் பெரிய பயன் இல்லை, போதிய ஆழத்துக்குச் செல்கிறதா என்பதும் உரிய இடத்தில் படுகிறதா என்பதுமே முக்கியம் என்ற முடிவுக்கு வந்தது. எந்தத் தோட்டாவாலும் உறுதி தர முடியாது என்ற இந்த உண்மை கசப்பானது. ஆனால் அதை ஏற்றுக்கொள்ளாமல் கேலிபரைப் பற்றிப் பேசுவது வீண்.

அந்த அறிக்கை எழுந்த கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் இன்று கடையில் நம் முன் வைக்கப்படும் தெரிவுகளில் பாதி அதிலிருந்து பிறந்தவை. 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில், வங்கிக் கொள்ளையர் இருவரை எஃப்.பி.ஐ. முகவர் எட்டுப் பேர் மறித்தனர். தொடக்கத்திலேயே முகவர் ஒருவர் சுட்ட 9 மி.மீ. குண்டு, கொள்ளையருள் ஒருவரின் வலக் கையை ஊடுருவி, மார்புக்குள் சென்று, இதயத்துக்குச் சற்று முன்பே நின்றுவிட்டது. அந்தக் காயத்தால் அவர் பிழைத்திருக்க முடியாது என்றாலும், அதற்குப் பின்னும் சில நிமிடங்கள் அவர் சண்டையிட்டார். முகவர் இருவர் உயிரிழந்தனர், ஐவர் காயமடைந்தனர். கொள்ளையரிடம் ரைஃபிள் இருந்தது, முகவர்களிடம் பெரும்பாலும் கைத்துப்பாக்கிகளே இருந்தன என்பது உட்பட அந்த நாளின் தோல்விக்குப் பல காரணங்கள் இருந்தும், பழியின் பெரும்பகுதி அந்த ஒரு குண்டின் மேல் விழுந்தது.

அதன் விளைவாகத்தான், குண்டுகளை அளக்க ஒரு பொது அளவுகோல் வந்தது. உடல் திசுவுக்கு ஈடாக வைத்த பத்து விழுக்காடு ஜெலட்டின் கட்டியில், வெறுமையாகவும், கனத்த துணி போர்த்தியும், சுவர்ப் பலகை, ஒட்டுப்பலகை, இரும்புத் தகடு, கார்க் கண்ணாடி ஆகியவற்றை முன்வைத்தும் சுட்டுப் பார்த்து, குண்டு 12 அங்குலத்துக்குக் குறையாமலும் 18 அங்குலத்துக்கு மிகாமலும் செல்ல வேண்டும் என்று வகுத்தார்கள். மனித உடலின் தடிமன் அவ்வளவு இல்லையே என்று தோன்றலாம். எதிரே நிற்பவர் நேராக நிற்பார், அவர் கை குறுக்கே இராது என்பதற்கு உறுதி இல்லை; மயாமியில் நடந்ததே அதுதான். மேல் எல்லை, அவருக்குப் பின்னால் நிற்கக்கூடிய தொடர்பற்ற மனிதருக்காக.

அளவுகோலை வகுத்தவர்கள் தோட்டாவை மாற்றுவதிலும் இறங்கினார்கள். முதலில் 10 மி.மீ. தோட்டாவை ஏற்றார்கள், சுடும்போது கையைப் பின்னால் தள்ளும் அதன் உதைப்பு பல முகவர்களுக்குத் தாளவில்லை. மருந்தைக் குறைத்து மென்மையாக்கினார்கள். மருந்து குறைந்தால் அவ்வளவு நீள உறை எதற்கு என்று துப்பாக்கி நிறுவனமான ஸ்மித் அண்ட் வெசனும் தோட்டா நிறுவனமான வின்செஸ்டரும் உறையைச் சுருக்கி 1990 ஜனவரியில் .40 எஸ் அண்ட் டபிள்யூ தோட்டாவைக் கொண்டுவந்தன. அடுத்த பத்தாண்டுகளில் அமெரிக்கக் காவல்துறையின் பெரும்பகுதி .40-க்கு மாறியது, எஃப்.பி.ஐ.யும் 1997-இல் மாறியது. ஆனால் அதே எஃப்.பி.ஐ.யின் பயிற்சிப் பிரிவு 2014-இல் 9 மி.மீ.க்குத் திரும்பலாம் என்று எழுதியது. குண்டு வடிவமைப்பு வளர்ந்துவிட்டதால் நல்ல 9 மி.மீ. குண்டு மற்றவற்றுக்கு ஈடாகவே செயல்படுகிறது. பெரும்பாலான முகவர்கள் 9 மி.மீ.யை இன்னும் விரைவாகவும் இன்னும் துல்லியமாகவும் சுடுகிறார்கள்; உண்மையான மோதல்களில் காவலர்கள் சுடும் குண்டுகளில் நூற்றுக்கு எழுபது முதல் எண்பது வரை குறி தவறுகின்றன. அந்த ஆவணம் முன்வைத்த காரணங்கள் இவை. மூன்றாவது காரணத்தைப் படித்த அன்றுதான் கேலிபரைப் பற்றிய என் எண்ணம் மாறியது. பயிற்சி பெற்று, பணம் கொடுக்கப்பட்டு, ஆண்டுதோறும் தேர்வு எழுதிச் சுடுபவர்களுக்கே இந்த நிலை என்றால், நானும் என் அக்காவும் எம்மாத்திரம்? தவறிய .45 குண்டைவிடத் தைத்த .380 குண்டு மேலானது என்பது மட்டுமில்லை. தவறிய குண்டு எங்கோ ஒரு சுவரையோ ஒரு மனிதரையோ சென்று சேரும், அதற்கும் சுட்டவரே பொறுப்பு.

இனி ஒவ்வொன்றாக வருகிறேன். 9 மி.மீ. லூகர் ஆஸ்திரியப் பொறியாளர் கியோர்க் லூகர் 1902-ஐ ஒட்டி வடிவமைத்தது. 1908-இல் ஜெர்மன் ராணுவம் ஏற்றது. இன்று உலகில் மிகப் பரவலான கைத்துப்பாக்கித் தோட்டா. வழக்கமான குண்டு 124 கிரெய்ன், அதாவது 8 கிராம் எடை. வினாடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் வேகம். .45 ஏசிபி ஜான் பிரவுனிங்கின் படைப்பு. பிலிப்பைன்ஸ் போரில் பழைய .38 தோட்டா போதவில்லை என்ற புகார்களை அடுத்து, 1904-இல் தாம்சன், லகார்ட் என்ற இரு அதிகாரிகள் கால்நடைகள் மீதும் சடலங்கள் மீதும் சுட்டு ஆய்ந்து, .45-க்குக் குறையக் கூடாது என்று அமெரிக்க ராணுவத்துக்குப் பரிந்துரைத்தார்கள். அந்தச் சோதனையில் பயன்படுத்திய விலங்குகள் மிகச் சில. முடிவுகளும் சீராக இல்லை. ஆயினும் அந்தப் பரிந்துரையின் நிழல் நூறாண்டைத் தாண்டியும் கடைப் பேச்சில் வாழ்கிறது. 1911-இல் ஏற்கப்பட்ட, ‘1911’ என்றே அழைக்கப்படும் .45 கைத்துப்பாக்கியை அமெரிக்க ராணுவம் 1985-இல் 9 மி.மீ. பெரெட்டாவுக்காகக் கைவிட்டது, 2017-இல் அதையும் மாற்றியபோது 9 மி.மீ.யிலேயே நின்றது.

.45-இன் சிறப்பை நான் மறுக்கவில்லை. 230 கிரெய்ன், கிட்டத்தட்ட 15 கிராம் எடையுள்ள குண்டு வினாடிக்கு 260 மீட்டர் என்ற நிதானமான வேகத்தில் செல்கிறது. ஒலியைவிட மெதுவாகச் செல்வதால் ஒலியின் வேகத்தைத் தாண்டும் குண்டுகள் எழுப்பும் வெடிச்சத்தம் அதற்கு இல்லை. கனமான இரும்புத் துப்பாக்கியில் அதன் உதைப்பு சுள்ளென்று அடிக்காமல் தள்ளுவதுபோல் இருக்கும். ஆனால் விட்டத்தில் அது 9 மி.மீ.யைவிட இரண்டரை மி.மீ. மட்டுமே பெரிது. அந்த இரண்டரை மி.மீ.க்காக நாம் கொடுக்கும் விலை, தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மேகசினில் குறையும் எண்ணிக்கை. பழைய 1911 வகையில் ஏழு; குளோக் நிறுவனத்தின் முழு அளவுள்ள குளோக் 21-இல் பதின்மூன்று; அதைவிடச் சிறிய குளோக் 19-இல் 9 மி.மீ. பதினைந்து. ஒரு விதிவிலக்கை நேர்மையாகச் சொல்ல வேண்டும்: கலிஃபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சி போன்ற மாநிலங்களில் மேகசினில் பத்துக்கு மேல் கூடாது என்று சட்டம் இருப்பதால், அங்கே 9 மி.மீ.யின் இந்த மேன்மை பெரிதும் சுருங்கிவிடுகிறது.

உதைப்பைக் கணக்கிட்டுப் பார்ப்பது எளிது. குண்டின் எடையை வேகத்தால் பெருக்கினால் வரும் உந்தமே ஏறத்தாழ நம் கைக்குத் திரும்பி வருகிறது. மருந்தின் எடையை விட்டுவிட்டுப் பார்த்தால் .380-க்கு 1.8, 9 மி.மீ.க்கு 2.8, .40-க்கும் .357 மேக்னத்துக்கும் 3.6, .45-க்கு 3.9 என்று வினாடிக்குக் கிலோகிராம்-மீட்டர் கணக்கில் வருகிறது. ஆனால் கை உணர்வது உந்தத்தை மட்டுமில்லை. அந்த உந்தத்தைத் தாங்கும் துப்பாக்கியின் எடையையும் சேர்த்துத்தான். தோட்டா நிரப்பிய குளோக் 19 ஏறத்தாழ 850 கிராம். ருகர் எல்சிபி போன்ற சட்டைப்பை அளவு .380 துப்பாக்கி, தோட்டா இல்லாமல் 270 கிராம்தான். இரண்டுக்கும் உதைப்பின் ஆற்றலைக் கணக்கிட்டால், சிறிய தோட்டா கொண்ட சிறிய துப்பாக்கி, பெரிய தோட்டா கொண்ட பெரிய துப்பாக்கிக்குக் குறையாமல் உதைக்கிறது. அதிலும் இரண்டே விரல்கள் பற்றும் சிறு கைப்பிடி சேர்ந்தால் உணர்வு இன்னும் கடுமை. “பெண்களுக்கு .380 போதும், மென்மையாக இருக்கும்” என்று கையில் அடங்கும் சின்னஞ்சிறு துப்பாக்கியை எடுத்து வைக்கும் கடைக்காரர்கள் செய்யும் தவறு இதுதான்.

அதே தவறு இன்னும் மோசமாக நடப்பது .38 ஸ்பெஷல் ரிவால்வரில். 1890களின் இறுதியில் ஸ்மித் அண்ட் வெசன் கொண்டுவந்த இந்தத் தோட்டா, நல்ல கனமுள்ள நான்கு அங்குலக் குழல் ரிவால்வரில் சுடுவதற்கு மிக இனிமையானது. ஆனால் இன்று தற்காப்புக்கு என்று விற்கப்படுபவை பெரும்பாலும் நானூறு கிராம் எடையே உள்ள, ஐந்து தோட்டா கொள்ளும், இரண்டு அங்குலக் குழல் கொண்ட அலுமினியச் சட்ட ரிவால்வர்கள். அவற்றில் அழுத்தம் கூட்டிய +பி தோட்டாவைச் சுட்டால், குளோக் 19-ஐவிடக் கடுமையாக உதைக்கிறது. விசையையோ நெடுந்தூரம், பலமாக இழுக்க வேண்டும். குறிபார்க்கும் பின்பகுதியோ சட்டத்தின் மேற்புறத்தில் ஒரு சிறு பள்ளம்தான். தோட்டாவைக் குழலுக்குள் ஏற்றுவதற்காகத் துப்பாக்கியின் மேற்பகுதியான ஸ்லைடை இழுக்க வேண்டியதில்லை, சிக்கிக்கொள்வது அரிது, அலமாரியில் ஆண்டுக்கணக்கில் கிடந்தாலும் சுடும் என்பன அதன் உண்மையான நன்மைகள். ஆனால் தேர்ந்தவர்களின் கருவியை முதன்முதலில் சுடுபவரின் கையில் கொடுப்பது எனக்கு உடன்பாடில்லை.

.357 மேக்னத்தை விரைவாகவே கடந்துவிடலாம். 1930களில் வந்த அது நெடுஞ்சாலைக் காவலர்களின் நம்பிக்கையைப் பெற்றது, பெற வேண்டியதுதான். ஆனால் நான்கு சுவர்களுக்குள், இருட்டில், காதுக்காப்பு இல்லாமல் அதைச் சுடுவது என்பது வேறு. எந்தக் கைத்துப்பாக்கியும் 140 டெசிபல் எல்லையைத் தாண்டிச் செவியைக் கெடுக்கக்கூடியதே, 9 மி.மீ.யே 160-ஐ ஒட்டியது. மேக்னம் அதற்கும் மேல் போய், குழல்முனையில் கண்ணைக் கூசவைக்கும் தீப்பிழம்பையும் தருகிறது. .357 ரிவால்வர் வாங்கி அதில் .38 ஸ்பெஷல் சுடலாம் என்பது மட்டும் நல்ல யோசனை. கனமான துப்பாக்கி, மென்மையான தோட்டா, இரண்டும் ஒருசேரக் கிடைக்கும். .40-ஐப் பொறுத்தவரை, அதைத் தேடி வாங்க இன்று எனக்குக் காரணம் தெரியவில்லை. காவல்துறைகள் கழித்துவிட்ட நல்ல துப்பாக்கிகள் குறைந்த விலைக்குக் கிடைப்பது உண்மைதான். ஆனால் துப்பாக்கியில் மிச்சமாகும் பணம், விலை கூடிய பயிற்சித் தோட்டாவில் போய்விடும்.

பயிற்சித் தோட்டாவின் விலை பலரும் கணக்கில் கொள்ளாத ஒன்று. நடுவில் நெருப்பூட்டி அமைந்த கைத்துப்பாக்கித் தோட்டாக்களில் 9 மி.மீ.யே மலிவு, உலகெங்கும் ராணுவங்களும் காவல்துறைகளும் அதை வாங்குவதால் உற்பத்தி அவ்வளவு பெரிது. .380 அதைவிடச் சிறியதாக இருந்தும் விலை அதிகம் என்பது புதியவர்களுக்கு வியப்பளிக்கும். .45 இன்னும் அதிகம். மாதம் நூறு தோட்டா சுடுபவருக்கும் ஆண்டுக்கு ஐம்பது சுடுபவருக்கும் உள்ள வேறுபாட்டை எந்தக் கேலிபராலும் ஈடுகட்ட முடியாது.

அந்தக் காரணத்தாலேயே .22 எல்ஆர் தோட்டாவை ஏளனம் செய்பவர்களோடு நான் சேர்வதில்லை. 1887-இல் தோன்றிய அதற்கு உதைப்பு என்று சொல்ல ஒன்றும் இல்லை. விலை மிகக் குறைவு. பழகுவதற்கு அதைவிடச் சிறந்தது இல்லை. தற்காப்புக்கு அதை முதல் தெரிவாக வைக்க முடியாததற்குக் காரணம் குண்டின் சிறுமை மட்டுமில்லை. நெருப்பூட்டும் மருந்து உறையின் விளிம்பில் பரவியிருக்கும் அமைப்பால், விசையை இழுத்தும் வெடிக்காத தோட்டா மற்றவற்றைவிட அதிகம் வருகிறது. வேறு எதையும் கையாள முடியாத முதிய கைக்கு அது ஒன்றுமில்லாததைவிட மேல். அதற்கு அப்பால் அது பயிற்சிக்கானது.

ஊரிலிருந்து விசாரிக்கும் உறவினர்களுக்கு இந்த ஒப்பீடு பெரும்பாலும் பயன்படாது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். இந்தியாவில் 9 மி.மீ. தடைசெய்யப்பட்ட துளையளவு, சாதாரணக் குடிமகன் உரிமம் பெற்றாலும் அவருக்குப் பொதுவாகக் கிடைப்பது .32-உம் .22-உம்தான். 2014-இல் கான்பூரின் அரசு ஆயுதத் தொழிற்சாலை பெண்களுக்கென்று வெளியிட்ட நிர்பீக் ரிவால்வரும் .32தான். அங்கே கேலிபரைத் தேர்ந்தெடுத்தது சட்டம்.

கேலிபருக்கு நிகராக, என் கணிப்பில் அதைவிடவும் மேலாக, எண்ண வேண்டியது குண்டின் வகை. பயிற்சிக்குச் சுடும் முழு உலோக உறைக் குண்டு விரிவதில்லை; ஊசிபோல் ஊடுருவிப் பின்னால் வெளியேறும். முனையில் குழி உள்ள ஹாலோ பாயிண்ட் குண்டு, ஈரமான திசுவில் புகுந்ததும் பூப்போல் விரிந்து, வேகமிழந்து, உள்ளேயே நிற்க முயலும். இதன் முன்னோடி நம் பக்கத்தில் பிறந்தது. 1890களில் கொல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதச்சாலையில் முனை திறந்த குண்டுகள் செய்யப்பட்டதால் “டம்டம் குண்டு” என்ற பெயர் உலகெங்கும் நின்றது. 1899-இன் ஹேக் பிரகடனம் போரில் விரியும் குண்டுகளைத் தடுத்தது. போருக்கு வெளியே நிலைமை வேறு: கூட்ட நெரிசல் மிக்க நியூயார்க்கின் காவல்துறை 1998-இல் ஹாலோ பாயிண்டுக்கு மாற முடிவெடுத்ததற்கு ஒரு முக்கியக் காரணம், ஒருவரை ஊடுருவிய குண்டு வழிப்போக்கரையும் காயப்படுத்தியதுதான். நியூ ஜெர்சியில் மட்டும் இவ்வகைக் குண்டை வீட்டுக்கு வெளியே எடுத்துச் செல்வதில் கடுமையான கட்டுப்பாடுகள் உள்ளன. அங்கே வாழ்பவர்கள் சட்டத்தை முதலில் படித்துக்கொள்ள வேண்டும்.

இந்த விரிவுதான் கேலிபர்களுக்கு இடையே உள்ள உண்மையான பிளவைக் காட்டுகிறது. 9 மி.மீ., .40, .45 மூன்றிலும் விரிந்தபடியே 12 அங்குலம் தாண்டிச் செல்லும் குண்டுகள் எளிதில் கிடைக்கின்றன. ஆகவே அம்மூன்றுக்கும் இடையே தேர்ந்தெடுப்பது கைக்கும் பணப்பைக்கும் உரிய விஷயம். .380-க்கும் இரண்டங்குலக் குழல் .38-க்கும் அந்த அளவு ஆற்றல் மிச்சமில்லை. அவற்றில் குண்டு நன்றாக விரிந்தால் ஆழம் குறைகிறது, ஆழம் சென்றால் விரிவதில்லை. கோடு போட வேண்டுமானால் நான் அங்கேதான் போடுவேன்: 9 மி.மீ.யிலிருந்து மேலே எதுவும் போதும், அதற்குக் கீழே இறங்குவதற்கு ஒரு காரணம் வேண்டும். இந்தக் கோட்டுக்கு மேலும் கீழும் உள்ள எந்தக் குண்டும் சுவர்ப் பலகையைத் துளைத்து அடுத்த அறைக்குப் போகும் என்பதையும், பிள்ளைகள் தூங்கும் அறை எந்தத் திசையில் இருக்கிறது என்பதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். அமெரிக்காவில் 2021-இல் துப்பாக்கியால் இறந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள் என்பதால், பூட்டுப்பெட்டிக்கான பணத்தைக் கேலிபர் தேர்வுக்கு முன்பே ஒதுக்கிவிட வேண்டும் என்று அக்காவிடம் வற்புறுத்தினேன்.

கீழே இறங்குவதற்கான காரணம் அக்காவிடம் இருந்தது. ஐம்பத்தெட்டு வயதில், முப்பது ஆண்டுகளாகப் பெட்டிகளைத் தூக்கிய அவருடைய கட்டைவிரல் மூட்டுகள் தேய்ந்திருக்கின்றன. வாடகைக்குத் துப்பாக்கி தரும் சுடுதளத்துக்கு ஒரு சனிக்கிழமை காலையில் போனோம். ஏழு கஜத் தொலைவில் சாப்பாட்டுத் தட்டு அளவு காகிதம். ஒவ்வொரு துப்பாக்கியிலும் தாமாகத் தோட்டா ஏற்றி, தாமாக ஸ்லைடை இழுத்து, அவசரமில்லாமல் ஆனால் நிற்காமல் ஐந்து முறை சுட வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். கனத்த 1911-இல் .45 அவர் அஞ்சியதைவிட நன்றாகவே இருந்தது. முதல் மூன்று தட்டில், பிறகு கை தளர்ந்தது. சிறிய .38 ரிவால்வரை இரண்டு முறை சுட்டுக் கீழே வைத்துவிட்டார். நடுத்தர அளவு 9 மி.மீ.யில் நான்கு தைத்தன. ஆனால் ஸ்லைடை இழுப்பதற்கு அவர் மூன்று முறை முயல வேண்டியிருந்தது, அதுவும் காலை வேளையில், யாரும் விரட்டாதபோது.

ஸ்லைடின் இறுக்கம் கேலிபரைப் பொறுத்ததே என்று பலர் நினைக்கிறார்கள்; அது துப்பாக்கியின் அமைப்பையும் பொறுத்தது. பழைய பாணி .380 துப்பாக்கிகள் பலவற்றில் குழல் பூட்டப்படாமல், சுருள்வில்லின் வலிமையும் ஸ்லைடின் எடையும் மட்டுமே வெடிப்பைத் தாங்குவதால், அவற்றை இழுப்பது 9 மி.மீ.யைவிடக் கடினமாகவே இருக்கும். குழல் பூட்டும் அமைப்பில் .380-ஐ வைத்தால் மெல்லிய வில்லே போதும். ஸ்மித் அண்ட் வெசன் 2018-இல் வெளியிட்ட ஷீல்ட் ஈஸி அப்படிப்பட்டது: அரைக் கிலோவை ஒட்டிய எடை, எட்டுத் தோட்டா, முழுக் கையும் பற்றும் பிடி. அதை அக்கா முதல் முயற்சியிலேயே இழுத்தார். ஐந்தும் தட்டில், இரண்டாம் சுற்றிலும் ஐந்து. அதே வடிவில் 9 மி.மீ.யும் வருகிறது என்பதால் அதையும் சுட வைத்தேன். இழுக்க முடிந்தது, ஆனால் இரண்டாம் மேகசினில் விசையை இழுக்கும் முன்பே கண்ணை மூடத் தொடங்கினார். அதைப் பார்த்த பின் நான் 9 மி.மீ.க்காக வாதாடவில்லை.

.380-ஐ ஏற்றுக்கொண்டதால், விரிவா ஆழமா என்ற கேள்வி எங்களுக்குத் தவிர்க்க முடியாததாயிற்று. கடையில் எந்நேரமும் வாடிக்கையாளர் இருப்பார்கள் என்பதால் ஊடுருவி வெளியேறும் உலோக உறைக் குண்டு வேண்டாம் என்றார் அக்கா. கனத்த துணியின் ஊடாகச் சுட்டும் 12 அங்குலத்தை ஒட்டிச் செல்லும், அளவாக விரியும் ஹாலோ பாயிண்ட் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதே வகையில் நூறு தோட்டாக்களை அவருடைய துப்பாக்கியிலேயே சுட்டு, ஒன்றுகூடச் சிக்கவில்லை என்று கண்ட பிறகே பெட்டியில் வைத்தோம். மாதம் இருமுறை, கடை திறக்கும் முன், அவர் அதே தளத்துக்குப் போய் ஐம்பது தோட்டா சுட்டுவிட்டு வருகிறார்.